மீதி பதினோரு நிமிடம்

எட்டு மணிநேரம் ஓடும் என்று
தாலுகா ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.
நாள் வாடகை, கேமராவுக்கும் எனக்கும் சேர்த்து.
பேட்டரியிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

வண்ணார்பேட்டையில் ஏறி இறங்கின கடை ஒன்பது.
"அந்த மாடலா? கம்பெனிக்காரனே மறந்திருப்பான்வே."
ஜங்ஷனில், பாலத்துக்குக் கீழே ஒருத்தன்
பளபளவென்று ஒன்றை எடுத்துத் தந்தான்.
ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏற்றினேன்.
காலையில் பார்த்தால்
பந்திக்குக் கூப்பிடாமல் விட்ட மாமன் மாதிரி
கன்னம் உப்பிக் கிடந்தது.

மிச்சம் பழைய ஒன்று.
இருபது நிமிடம் என்று சொல்லும்.
அதன் பேச்சை நான் நம்பி வருஷம் ஆகிறது.

பணகுடிக்கு வடக்கே, நாற்கரச் சாலையில்
தகரத் தடுப்பு இரண்டு, பிளாஸ்டிக் நாற்காலி மூன்று.
துணைத் தாசில்தார் கோமு மேடம்,
ஏட்டு பட்டுராஜன், ஜீப் டிரைவர், நான்.
எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றாலை.
மலையிலிருந்து இறங்குகிற காற்றை வாங்கி
எந்த ஊருக்கோ கரண்ட் அனுப்பிக்கொண்டிருந்தன.
அத்தனை பெரிய இறக்கை.
எனக்கு வேண்டியது ஏழரை வோல்ட்.

ஜீப்பில் சிகரெட் பற்றவைக்கும் துளை உண்டு.
"அதுல போன தேர்தல்லயே ஊதுவத்திக் குச்சி முறிஞ்சு போச்சு"
என்றார் டிரைவர், பெருமையாக.

ஆகவே சிக்கனம்.
லாரி என்றால் எடுப்பேன்.
குடும்பம் ஏறின கார் என்றால்
சும்மா தோளில் தூக்கிப் பிடிப்பேன்.
அணைந்த கேமராவுக்கும் ஆட்கள்
தலையைக் கோதிவிட்டுத்தான் டிக்கியைத் திறந்தார்கள்.

ஒன்றரை மணிக்கு ஓர் ஆம்னி.
உள்ளே வெள்ளைக் குடை, விளக்குத் தாங்கி,
கழற்றாத பூமாலை, தூக்கம் கெட்ட கண்.
பேர் சுயம்புராஜ். ஊர் வள்ளியூர்.
காவல்கிணற்றில் வரவேற்பு எடுத்துவிட்டு வருகிறார்.
இருக்கைக்கு அடியில் அறுபத்தெட்டாயிரம்,
மூன்று கல்யாணத்துப் பாக்கி.
"ரசீது?"
"கல்யாண வீட்டுல எவன் மேடம் ரசீது தாரான்?"

"வீடியோ" என்றார் மேடம்.
திரையில் மீதி பதினோரு நிமிடம்.
ஏட்டு எச்சில் தொட்டு எண்ணத் தொடங்கினார்.
இரண்டாவது கட்டைப் பிரிக்கும்போதே
திரை இருண்டுவிட்டது.

படம் இல்லாமல் எண்ணினால் செல்லாது.
மேடம் என்னைப் பார்த்தார்.
நான் காற்றாலையைப் பார்த்தேன்.
ஐந்நூறு நோட்டு பிடித்த கை
அந்தரத்திலேயே நின்றது.

"எந்த மாடல்வே?"

கேட்டது சுயம்புராஜ்.
வேட்டிக்கு மேல் மாட்டியிருந்த பையைத் திறந்தார்.
நான்கு பேட்டரி,
ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் நம்பர்.
"மூணை எடும். நாலு சீக்கிரம் மண்டையப் போட்டுரும்."

டக்.
நூற்றிப் பத்து நிமிடம் என்றது திரை.
அப்படி ஓர் எண்ணை
என் கேமரா காட்டி நான் கண்டதில்லை.

"மேடம், முதல்லருந்து எண்ணணும்" என்றேன்,
யாரையும் பார்க்காமல்.
எண்ணினார்கள்.
அவர் நான் சொல்லாமலே இடப்பக்கம் ஓரடி நகர்ந்தார்,
நோட்டை மறைக்காமல்.
ஜீப் விளக்கைப் போடச் சொன்னதும் அவர்தான்.
எத்தனை மாப்பிள்ளைகளை இப்படி நிறுத்தியிருப்பார்,
முகவாயைத் தொட்டு, சற்றே நிமிர்த்தி.

ரசீதில் பணம் ஏறியது, வண்டி எண் ஏறியது.
பேட்டரி எதிலும் ஏறவில்லை.
கழற்றப் போன கையைத் தடுத்தார்.
"விடிய இன்னும் நேரம் கெடக்கு.
பணம் வாங்க ஆபீசுக்கு அலைவேன்லா, அன்னைக்குத் தாரும்."

கதவைச் சாத்தும் சத்தத்தில் மட்டும் கோபம் இருந்தது.

அதற்குப் பிறகு எல்லா வண்டியையும் எடுத்தேன்.
குடும்பம் ஏறின காரை, பால் வேனை,
தடுப்பைச் சுற்றிப் போன நாயைக்கூட.
விடிந்தபோது மூணாம் நம்பரில் இன்னும் இருந்தது.

டேப்பைப் போட்டுப் பார்த்த அதிகாரி
ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார்.
"இது யார் குரல்?"

நோட்டுக் கட்டு அசையாமல் நிற்கிறது.
சட்டகத்துக்கு வெளியிலிருந்து ஒருவர் சொல்கிறார்:
"சிவப்பு எரியுதா பாரும்வே."